உவர் நிலம் இறந்த நிலமன்று

 

கடலோர ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு நிலம் உண்டு. ஊரின் கடைசித் தெருவுக்கும் கடலுக்கும் இடையே, வெயிலில் உப்புப் பூத்து வெளுத்தும், மழையில் சேறாகியும், ஓதம் ஏறும்போது நீரில் மூழ்கியும் கிடக்கும் நிலம் அது. உமரி போன்ற உப்பைத் தாங்கும் செடிகளைத் தவிர அங்கே வேறெதுவும் முளைப்பதில்லை. அதனைக் களர் என்கிறோம், புறம்போக்கு என்கிறோம், சும்மா கிடக்கும் இடம் என்கிறோம். ஒருவர் அங்கே லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்தால், பாழிடத்தைப் பயனுள்ளதாக்கினார் என்று பாராட்டவும் செய்கிறோம்.

அந்தப் பாராட்டு பொருந்தாதது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. ஊருக்கும் அலைக்கும் நடுவே நின்று அது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலை இன்னதென்று அறிவியல் அளந்து கூறியிருக்கிறது. அத்தகைய நிலத்தின் மீது நமக்குள்ள உரிமை எவ்வளவு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரையறுத்திருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இன்று நமக்கு அவசியமாகிறது.

முதலில் அந்த நிலத்தின் வேலையைப் பார்ப்போம். இதனை உவர்ச் சதுப்பு நிலம் என்பர். ஆழ்கடலிலிருந்து வரும் அலை இந்நிலத்தின் மீது ஏறும்போது இரண்டு தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று, தரை மேடாக இருப்பதால் நீரின் ஆழம் திடீரெனக் குறைகிறது. மற்றொன்று, அடர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான தண்டுகள் அலையின் ஓட்டத்தோடு உராய்ந்து அதன் வேகத்தை உறிஞ்சுகின்றன. இந்நிலம் அகலமாக இருக்குமளவுக்கு, மறுபுறம் சென்று சேரும் அலை சிறிதாகிறது.

இதனை மிகுந்த அக்கறையுடன் ஆராய்ந்தவர்கள் ஐரோப்பாவின் வடகடல் கரையோர மக்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் இரவு எழுந்த புயல், வடகடலின் நீரை நெதர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் கரைகள் மீது தள்ளியது. கடலணைகள் பல இடங்களில் உடைந்தன. நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரும் உயிரிழந்தனர். அதன் பின்னர் அந்நாடுகள் அணைகளை உயர்த்திக் கட்டின. ஆயினும் காலப்போக்கில் ஒரு கேள்வி எழுந்தது: அணைக்கு முன்னால் இருக்கும் புல்வெளிக்கு இதில் பங்கு உண்டா?

பங்கு உண்டு என்றே விடை கிடைத்தது. வடகடற்கரையில் 1717, 1953 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட அணையுடைப்புகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, முன்னால் உவர்ச் சதுப்பு இருந்த இடங்களில் உடைப்பின் பாதிப்புக் குறைந்திருந்ததைக் காட்டியது. இங்கிலாந்தில் 1990களில் போடப்பட்ட ஒரு கணக்கு இன்னும் எளிதாகப் புரியும். கடலணைக்கு முன்னால் 80 மீட்டர் அகலத்தில் உவர்ச் சதுப்பு இருந்தால் 3 மீட்டர் உயரச் சுவர் போதும். சதுப்பே இல்லையெனில் 12 மீட்டர் உயரச் சுவர் தேவைப்படும் என்பது அக்கணக்கு. எவரும் விதைக்காத, எவரும் தண்ணீர் பாய்ச்சாத ஒரு புல்வெளி 9 மீட்டர் சுவரின் வேலையைச் செய்கிறது. சுப்ஹானல்லாஹ்!

அப்படியாயினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. சாதாரண நாளில் அலையைக் குறைக்கும் இந்தப் புல், புயல் நாளில் தாக்குப்பிடிக்குமா? நமக்குத் தேவைப்படும் நாளில் அதுவே வேரோடு பெயர்ந்து போனால் என்ன பயன்? இதனை அறிய, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஐரிஸ் மொல்லர் தலைமையிலான குழுவினர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஒரு சோதனை நடத்தினர். அங்கே 300 மீட்டர் நீளமுள்ள மாபெரும் அலைத்தொட்டி உள்ளது. வடகடற்கரையிலிருந்து உவர்ச் சதுப்பை மண்ணோடும் வேரோடும் பாளம் பாளமாக வெட்டியெடுத்து வந்து, அத்தொட்டிக்குள் 40 மீட்டர் நீளத்துக்குப் பதித்தனர். பின்னர் அதன்மேல் 2 மீட்டர் ஆழத்துக்கு நீரை நிரப்பிப் புயல் அலைகளை ஏவினர்.

முடிவுகள் 2014ஆம் ஆண்டில் வெளியாயின. அந்த 40 மீட்டரைக் கடப்பதற்குள் அலையின் உயரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்தது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே உயரம் 20 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 36 சதவீதம் குறைகிறது. அலை தணிந்ததில் 60 சதவீதம் வரை செடிகளின் பங்கு என்றும் கண்டறிந்தனர். பேரலைகள் மோதியபோது தண்டுகள் வளைந்தன, பல முறிந்தன. ஆனால் வேர்கள் இறுகப் பிணைத்திருந்த தரை மண் கரையாமல் நின்றது. தண்டு முறிந்தாலும் வேர் இருக்குமாயின் அடுத்த பருவத்தில் மீண்டும் துளிர்க்கும்.

அப்படியானால் உவர்ச் சதுப்பை எதுதான் அழிக்கிறது? 2016ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இத்தாலி ஆகிய நாடுகளில் எட்டு இடங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், நீண்ட காலத்தில் ஏற்படும் அரிப்பில் கடும் புயல்களின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டனர். பெரும் அழிவைச் செய்பவை ஏறத்தாழ இரண்டரை மாதங்களுக்கு ஒருமுறை வந்துபோகும் நடுத்தரமான காற்றும் அலையும்தாம். பெரும்புயலில் நீர்மட்டம் உயர்ந்துவிடுவதால் அலை சதுப்பின் மேலே ஏறிச் சென்றுவிடுகிறது. நடுத்தர அலையோ சதுப்பின் ஓரத்தில், வேருக்குக் கீழே உள்ள மண்ணில் நேராக மோதுகிறது. அது அடிக்கடி வருவதால், ஓரத்தைச் சிறிது சிறிதாகக் குடைந்து பாளம் பாளமாகச் சரிக்கிறது.

இதனைப் படித்தபோது நபி (ஸல்) அவர்கள் கூறிய ஓர் உவமை நினைவுக்கு வந்தது. ஒரு பள்ளத்தாக்கில் தங்கிய கூட்டத்தார் ஆளுக்கொரு சுள்ளியாகக் கொண்டுவந்து சேர்க்க, இறுதியில் ரொட்டி சுடுமளவுக்கு நெருப்பு மூண்டுவிடுகிறது. அற்பமாகக் கருதப்படும் பாவங்களும் அப்படித்தான் திரண்டு மனிதனை அழிக்கும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். பெரும்பாவத்துக்கு அஞ்சுகிறவனும் சிறுபாவத்தைப் பொருட்படுத்துவதில்லை. புயலுக்கு அஞ்சுகிற நாமும், ஓதம் ஏறும் இடத்தில் கொட்டப்படும் ஒரு வண்டிக் கட்டட இடிபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

அந்த அலட்சியம் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலம் சான்று. அங்கே 2005ஆம் ஆண்டில் கத்ரீனா, ரீட்டா ஆகிய புயல்கள் 500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கரையோர நிலத்தை நீராக்கிச் சென்றன. புயல் சதுப்பை அழிக்காது என்று சற்றுமுன் கூறியதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் அங்கே பெரிதும் பெயர்ந்தவை உப்புக் குறைந்த பகுதிகளில் வேர் ஆழமின்றி வளர்ந்த சதுப்புகள். மேலும், மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் கரைகள் எழுப்பப்பட்டதால் புதிய வண்டல் வந்து சேராமலும், எண்ணெய் நிறுவனங்களுக்காக வெட்டப்பட்ட கால்வாய்களால் உள்ளுக்குள் சிதைந்தும் அந்தக் கரையோரம் பல பத்தாண்டுகளாகவே தளர்ந்துகொண்டிருந்தது. தளர்ந்து நின்றதைப் புயல் வந்து முடித்துவைத்தது.

இங்கே நேர்மையாகச் சில எல்லைகளையும் கூறவேண்டும். உவர்ச் சதுப்பு அலையைத் தணிக்கும். ஆனால் புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரின் மட்டத்தை அது அதே அளவுக்குக் குறைப்பதில்லை. அதற்குப் பல கிலோமீட்டர் அகலமான சதுப்பு வேண்டும். சுனாமி என்பது வேறு வகை அலை. அதற்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. ஆகவே சதுப்பு இருக்கிறதென்று எச்சரிக்கை வந்த பின்னும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அணையும், புகலிடமும், எச்சரிக்கையும் தேவைதான். அவற்றின் சுமையைக் குறைப்பதே சதுப்பின் பணி.

அல்லாஹ் நாடினால் அலை வரும். புல்லா அதனைத் தடுக்கும் என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. அலையைப் படைத்தவனே அந்தப் புல்லையும் படைத்தான். வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டியதாகவும், அத்தராசில் வரம்பு மீறலாகாது என்றும் ஸூரா அர்ரஹ்மானில் அவன் உணர்த்துகிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டுவதற்கு அல்லாஹ் தந்த கயிற்றை நாமே அறுத்து எறிந்துவிட்டுத் தவக்குல் பேசுவது முறையாகாது.

இனி ஃபிக்ஹின் பக்கம் வருவோம். எவருக்கும் உடைமையாகாத, பயன்பாடற்ற நிலத்தை ‘மவாத்’, அதாவது இறந்த நிலம் என்பர். அதனை உயிர்ப்பிப்பவருக்கே அது உரியது என்பது நபிமொழியின் கருத்து. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. வேண்டியதில்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. சதுப்பை மேடாக்குவோர் சிலர் இந்தச் சட்டத்தையே தமக்குச் சான்றாகக் கருதுகின்றனர்.

ஆனால் அதே அத்தியாயத்தில் ‘ஹரீம்’ என்றொரு சட்டமும் உள்ளது. கிணறு, ஆறு, பாதை, ஊர் ஆகிய ஒவ்வொன்றையும் ஒட்டி, அதன் பயன் கெடாமல் இருப்பதற்காக விட்டுவைக்க வேண்டிய நிலமே ஹரீம். கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றிக் கால்நடைகள் தங்குவதற்காக நாற்பது முழம் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஊர் மக்கள் பொதுவில் சார்ந்திருக்கும் மேய்ச்சல் நிலமும் விறகு பொறுக்கும் இடமும் பார்வைக்குத் தரிசாகத் தெரிந்தாலும் மவாத் ஆகா. அவற்றை ஒருவர் ‘உயிர்ப்பித்து’ உரிமை கொண்டாட முடியாது. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இக்கருத்து உண்டு.

பிற்கால ஷாஃபிஈ நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. எகிப்தில் நைல் நதியின் கரையோரம் மக்கள் கட்டடங்கள் எழுப்பிவந்ததைக் கண்டு வருந்திய அந்த அறிஞர்கள், ஆற்றின் ஹரீமில் கட்டுவது கூடாது என்றும், கட்டியதை இடிக்க வேண்டும் என்றும், அது பள்ளிவாசலாயினும் சட்டம் அதுவே என்றும் எழுதினர். அல்லாஹ்வின் இல்லத்துக்கே அங்கே இடமில்லை என்றால், நம் மனைகளுக்கும் மண்டபங்களுக்கும் என்ன சொல்வது?

மற்றொரு நிகழ்வும் சிந்திக்கத்தக்கது. அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் யமனிலுள்ள மஃரிபின் உப்பு நிலத்தைத் தமக்கு வழங்குமாறு வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்களும் வழங்கினார்கள். அது வற்றாத நீரைப் போல எவரும் எளிதில் எடுத்துக்கொள்ளக் கூடியது என்று அங்கிருந்த ஒருவர் சுட்டிக்காட்டியபோது, அந்த மானியத்தை நபியவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பலரின் பொதுப் பயன் என்று தெரிந்த பின்னர், கொடுத்ததையும் மீட்பது சுன்னத்தாக இருக்கிறது.

கடலோர உவர்ச் சதுப்பை ஊரின் ஹரீமாகவே கருதவேண்டும் என்பது அடியேனின் கருத்து. கிணற்றின் ஹரீம் இல்லாவிட்டால் கிணறு கெடும். இந்த ஹரீம் இல்லாவிட்டால் ஊரே கெடும். முற்கால நூல்களில் கடற்சதுப்பு என்ற பெயரில் சட்டம் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. காரணம் ஒன்றாக இருக்கும்போது சட்டமும் ஒன்றாக இருக்கும் என்பது கியாஸின் அடிப்படை. முஃப்திகளும் ஜமாஅத்துல் உலமா சபையினரும் இதனை முறையாக ஆராய்ந்து தீர்ப்பு வழங்க வேண்டுமென வேண்டிக்கொள்கிறேன்.

இது ஏதோ தொலைதூர ஐரோப்பியரின் கவலையன்று. முத்துப்பேட்டை முதல் அதிராம்பட்டினம் வரையிலான கரையைப் பாருங்கள். அங்கே கடலை ஒட்டி நிற்கும் காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்பதே அப்பெயரின் பொருள். ஹனோவரில் தொட்டி கட்டி அளந்ததை நம் மீனவர்கள் ஒரு பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். அக்காட்டின் பின்புறமும் இடையிலும் பரந்து கிடப்பவைதாம் உமரி படர்ந்த உவர்ச் சதுப்புகளும் சேற்றுவெளிகளும். காடும் சதுப்பும் சேர்ந்தே காவல் நிற்கின்றன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பெருமளவு சிதைந்தது. காவலுக்கு நிற்பதும் அடிபடும். அடிபட்டதற்கு மீண்டெழ இடமும், ஆற்று நீரும், வண்டலும் வேண்டும். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் குறையுமளவுக்கு அந்த மீட்சியும் தாமதமாகும்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குட்டைகளைத் தடுத்தது. சதுப்பு நிலங்களையும் ஊர்ப் பொது நிலங்களையும் அதற்காக மாற்றலாகாது என்றது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் உவர்ச் சதுப்பை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்துள்ளன. ஆனால் அரசிதழில் உள்ள சட்டத்தை விட, ஊர்ப் பெரியவரின் ஒரு சொல்லுக்கு நம் தெருக்களில் மதிப்பு அதிகம். அந்தச் சொல் வரவேண்டும்.

சதுப்பை இழந்தவர்கள் அதனைத் திரும்பப் பெற எவ்வளவு செலவிடுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் தென்கரையில் மெட்மெரி என்னுமிடத்தில், 2013ஆம் ஆண்டில் கடல் தடுப்புக் கரையைத் தாங்களே வெட்டித் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்னதாக உள்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய கரை எழுப்பினார்கள். இடைப்பட்ட விளைநிலத்தைக் கடலுக்குக் கொடுத்து, அங்கே உவர்ச் சதுப்பு மீண்டும் உருவாக வழிசெய்தார்கள். நாம் ஒரு லாரி மண்ணில் மூடுவதை அவர்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுத் திறக்கிறார்கள்.

இதில் ஏழைகளின் நிலையை மறந்துவிடக் கூடாது. உப்பளத்தில் கூலி வேலை செய்பவர், சதுப்பில் நண்டும் இறாலும் பிடிப்பவர், இடமில்லாமல் அங்கே குடிசை போட்டவர் ஆகியோர் மீது பழி சுமத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடிசை போட்டவருக்கு மேட்டில் மாற்று இடம் கிடைக்கும் வரை அவரை விரட்டுவதும் அநீதியே. வசதியுள்ளவர்கள் லாபத்துக்காக மேடாக்கும் இடத்திலிருந்தே திருத்தம் தொடங்க வேண்டும். அலை வரும்போது முதலில் நனைவது குடிசைதான், மேடாக்கியவரின் வீடன்று.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை கடினமானவை அல்ல. ஊரின் கடலோரச் சதுப்பு எதுவரை என்பதை வருவாய்த்துறை வரைபடத்தைக் கொண்டு தெரிந்துகொண்டு, அதனை ஊர்ப் பொதுவில் அறிவிக்கலாம். மேடாக்கப்பட்ட சதுப்பில் மனையை வக்ஃபாகக் கொடுக்க ஒருவர் முன்வந்தால், அது மதரஸாவுக்காயினும் பள்ளிவாசலுக்காயினும் பணிவுடன் மறுக்கலாம். கட்டட இடிபாடுகளையும் குப்பைகளையும் அங்கே கொட்டுவதை நிறுத்தலாம். பாதையிலிருந்து துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், ஊரின் காவலுக்குத் துன்பம் தராமல் இருப்பதும் அதனைச் சேர்ந்ததே. ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும், மழைக்காலம் தொடங்கும் முன், இதுபற்றிப் பேசலாம். மதரஸாப் பிள்ளைகளுக்கு ஹரீம் பாடம் நடத்தும்போது கிணற்றோடு நிறுத்தாமல் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று காட்டலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊரில் மனை வாங்குகிறீர்கள். பத்திரம் சரியா என்று பார்ப்பதைப் போல, அந்த மண் எதன் மேல் கொட்டப்பட்டது என்றும் விசாரியுங்கள். விலை குறைவாக இருப்பதன் காரணம் அங்கே தெரியவரும். அயலாரின் காவலை வாங்கி அதன்மேல் நாம் வீடு கட்டலாகாது.

தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டது மனிதக் கரங்கள் தேடிக்கொண்டதால்தான் என்றும், அவர்கள் திரும்பிவிடக் கூடும் என்பதற்காகவே அதன் விளைவில் சிலவற்றைச் சுவைக்கச் செய்வதாகவும் அல்லாஹ் ஸூரா அர்ரூமில் உணர்த்துகிறான். திரும்புவதற்கான வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. வேர் இருக்கும் வரை சதுப்பு துளிர்க்கும்; அதற்கான இடத்தை மட்டும் நாம் விட்டுவைக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் கடலோர ஊர்களைப் பாதுகாப்பானாக! அவன் நமக்கென வைத்த காவல்களை அறிந்து பேணும் அறிவையும், பொது உரிமையில் கைவைக்காத பேணுதலையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.